ஈயம் கட்டிய சோபா

போன வாரம் என் மகள் போனில் பார்த்து எங்கள் பழைய சோபாவுக்கு ஓர் உறை வரவழைத்தாள். ரப்பர் போல இழுத்து மாட்டியதும் சோபா புதுசாகிவிட்டது. நான் குனிந்து அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். "இன்னாப்பா தேடுற?" என்றாள். ஈயத்தைத் தேடினேன் என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. எனக்கும் வாயால் விளக்க வராது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. பழவேற்காட்டுக்குப் படகில்தான் போக வேண்டும். அம்மா மீஞ்சூரில் பிறந்தவள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீன் பிடிக்கிற என் நைனாவைக் கட்டிக்கொண்டாள். அதில் கம்பெனி வேலையிலிருந்த அவளுடைய அண்ணனுக்குக் கோபம். கல்யாணத்துக்கும் வரவில்லை, நான் பிறந்ததற்கும் வரவில்லை. அந்த மாமா, வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் திடீரென்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நான் நல்லாத்தான் கீறேன்னு எங்கண்ணன் கண்ணால பாத்துட்டுப் போவணும்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். ஆனால் எங்கள் வீட்டில் பாயைத் தவிர உட்கார ஒன்றுமில்லை.

நைனா அதிகம் பேசமாட்டார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனார். இறால் வாங்கும் ஏஜெண்டின் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சோபா கிடந்தது. ரெக்சின் கிழிந்து தேங்காய் நார் வெளியே எட்டிப் பார்த்தது. எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் ஏஜெண்ட். அதைப் படகின் குறுக்கே வைத்து, அதன் மேல் என்னை உட்காரவைத்து, நைனா கோல் ஊன்றித் தள்ளினார். சுற்றிலும் தண்ணீர், நடுவில் சோபா, அதில் நான். எதிரே வந்த படகிலிருந்து ஒருவர், "இன்னாடா, கலெக்டரு எங்க கெளம்பிட்டாரு?" என்று கத்தினார். வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனால் எல்லோரும் பார்க்கிறார்களா என்று விரல் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சோபாவைக் கண்டதும் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். இறால் நாற்றம். தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டாள். அப்போதுதான் ஒரு மூலையில் அடிப்பலகை உளுத்துப் பள்ளமாகியிருந்தது தெரிந்தது. பழைய வலையைச் சுருட்டி அடைத்துப் பார்த்தோம், பள்ளம் நிரம்பவில்லை. "மேல உறை தெச்சி மூடிட்டா யாருக்குத் தெரியும்?" என்று சொல்லி, அம்மா பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். சிவப்புத் துணி, அதில் மஞ்சள் பூ.

நைனா முழம் போட்டு அளந்தார். அளந்ததற்கு மேல் நிறையவே விட்டு வெட்டச் சொன்னார்.

"இறுக்கிப் புடிச்சா ஒண்ணியும் மாட்டாது. தொளதொளன்னுதான் வுடணும்."

"மீனு புடிக்கவா தெக்கிறேன்? குந்துறதுக்குத் தெக்கிறேன்!" என்றாள் அம்மா. ஆனாலும் நைனா சொன்னபடியேதான் வெட்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் உறையை மாட்டினோம். பளபளவென்று இருந்தது. நான் கை தட்டிக் குதித்தேன். அந்த நேரம் பார்த்து ஏரிக்காற்று வாசல் வழியாக உள்ளே புகுந்தது. உறை பாய்மரம் போல உப்பி எழுந்து, சோபாவின் கிழிசல் முழுவதையும் காட்டிவிட்டுத் தணிந்தது. மறுபடி உப்பியது. அம்மா அழுதுவிடுவாள் போலிருந்தது. நைனா போய்த் தன் வீச்சுவலையைக் கொண்டுவந்தார். அதன் விளிம்பிலிருந்த ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, உறையின் ஓரத்தில் வரிசையாகக் கட்டினார். அதற்குப் பிறகு எந்தக் காற்றுக்கும் அது அசையவில்லை.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். மாமா இருக்கும்வரை பள்ளத்து மூலையை விட்டு நான் நகரக் கூடாது. "எழுந்தே, தோல உரிச்சிடுவேன்" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மிக்சர் பொட்டலம். "சோபாவுல குந்துண்ணே" என்று அம்மா ராகம் போட்டுச் சொன்னாள். மாமா நல்ல மூலையில் உட்கார்ந்தார். நான் துணியை இழுத்து அடியில் அழுத்திக்கொண்டு, பள்ளத்தை முதுகால் மறைத்தபடி முன்விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தேன். நைனா கதவோரம் நின்றார். மாமாவும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

மாமா காலைப் பின்னுக்கு இழுத்தார். குதிகால் எதிலோ இடித்தது. ணங் என்று சத்தம் கேட்டது. அவர் குனிந்து உறையின் ஓரத்தைத் தூக்கினார். ஈயக்குண்டுகள் வரிசையாகத் தொங்கின. அம்மா முகத்தில் ஈயாடவில்லை. மாமா நிமிர்ந்து முதன்முறையாக நைனாவைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, சோபாவுக்கு ஈயம் கட்டி வெச்சிக்கிற?"

"காத்துக்குப் பறக்குது மச்சான்" என்றார் நைனா, தரையைப் பார்த்தபடி.

மாமா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நைனாவும் சிரித்தார். எனக்கு ஒரே குஷி. என் வேலையை மறந்து எழுந்து குதித்துவிட்டேன். தொளதொள துணி அப்படியே பள்ளத்துக்குள் இறங்கியது.

எல்லோரும் அதைப் பார்த்தோம். மாமாவும் பார்த்தார். அம்மா தலை குனிந்து நின்றாள்.

"டேய் மருமவனே, நீ அந்தப் பக்கம் போ. மாமாவுக்கு இங்கதான் காத்து வருது" என்று சொல்லி, மாமா போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அப்படியே தட்டை முழங்காலில் வைத்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார். "இன்னும் போடுமா" என்று கேட்டு வாங்கினார். பரிமாறிய அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழம்பில் காரம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நல்ல இடத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தில் போய் உட்காருகிற மாமாவுக்குக் கம்பெனியில் எப்படி வேலை கொடுத்தார்கள் என்றும் நினைத்தேன்.

புறப்படும்போது மாமாவால் எழுந்திருக்க முடியவில்லை. நைனா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பிடித்த கையை மாமா விடவே இல்லை. படகுவரைக்கும் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டுதான் நடந்தார்கள். மிக்சரைத் தின்றபடி நான் பின்னால் ஓடினேன். பாவம், பள்ளத்திலேயே உட்கார்ந்திருந்ததில் மாமாவுக்குக் கால் மரத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.