எதிர்க்கடைச் சாட்சி

“எத்தனை எடத்துல போடணும் ஏட்டய்யா?”

டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தபடியே, தலையை மட்டும் திருப்பிக் கேட்பார் சுருளிராஜன். குமிழி வருகிற இடத்தை இடது கட்டைவிரல் பொத்தியிருக்கும். வலது கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, முழங்காலை மேசையாக்கி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார். எவ்வளவு துடைத்தாலும் தாளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு விரல் ரேகை விழுந்துவிடும். அதைப் பார்த்தே இது சுருளி போட்டது என்று சொல்லிவிடலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் அவருடைய பஞ்சர் கடை, அந்தப் பக்கம் போலீஸ் ஸ்டேஷன். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால், கூட நின்று பார்த்த ஒருவர் மகஜர் என்கிற தாளில் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். பதினொரு வருடமாக அந்த ஒருவர் சுருளிராஜன்தான். மணல் டிராக்டர், சேவல் சண்டை, கேரளா லாட்டரி, எதைப் பிடித்தாலும் அவர் பார்த்திருக்கிறார். இத்தனை குற்றங்களையும் கடையை விட்டு இறங்காமலே பார்த்த மனிதர் இந்தச் சீமையில் வேறு யாரும் இருக்க முடியாது.

படிக்கத் தெரியாதவர் அல்ல. டீக்கடையில் பேப்பரை விரித்தால் ஏலக்காய் விலையில் தொடங்கிக் கண்ணீர் அஞ்சலி வரைக்கும் ஒரு வரி விடமாட்டார். ஸ்டேஷன் தாளை மட்டும் படிக்கமாட்டார். “அவுக எழுதுறாக, நான் போடுறேன். நடுவுல படிச்சு நான் என்ன கலெக்டராவா ஆகப் போறேன்?” என்பார். இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஸ்டேஷனுக்குள் போனால் அவருக்கு நாற்காலி போடுவார்கள். ரோட்டோரம் அவர் அடுக்கி வைத்திருக்கும் பழைய டயர்களை எடுக்கச் சொல்லி இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

அவருடைய வலது கண்ணில் எப்போதும் லேசாக நீர் கட்டியிருக்கும். ஒருமுறை லாரி டயருக்குக் காற்றடித்தபோது இரும்பு வளையம் தெறித்து அந்தக் கண்ணில் அடித்துவிட்டது. பார்வை போய்விடும் என்றார்கள். வீரபாண்டிக் கோயில் ஆத்தாவுக்கு நேர்ந்துகொண்டார், பார்வை தங்கியது. அன்றிலிருந்து வருடம் தவறாமல் சித்திரைத் திருவிழாச் செவ்வாயன்று முல்லையாற்றில் முங்கி, ஈர மஞ்சள் வேட்டியோடு அக்கினிச்சட்டி எடுக்கிறார். அடியில் வேப்பிலை கொடுத்து, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே நீட்டி அவர் சட்டி ஏந்தி வருவதை ஊரே பார்த்திருக்கிறது. அன்று ஒரு நாள்தான் கடை பூட்டியிருக்கும்.

இப்போது மூன்று வாரமாக மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறார், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நிற்கிறார். பாதி டீயைக் குடித்துவிட்டு டம்ளரை டயருக்குள் வைத்து மறந்துவிடுகிறார். காற்று சரியாக இருக்கிற வண்டியைக்கூட நிறுத்தி அமுக்கிப் பார்க்கிறார். கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது.

வழக்கு லிங்கேஸ்வரன் மேல். பெண்களை ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற ஜீப் டிரைவர். போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, வண்டியை மறித்த போலீஸ்காரர் ஒருவர், எதிர்த்துப் பேசிய ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். லிங்கேஸ்வரன் அதைச் செல்போனில் படம் எடுத்தான். அன்று மதியமே அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். செல்போன் போன இடம் தெரியவில்லை. வலது கை ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ ஒடிந்தது. அந்தப் பாத்ரூமில் போலீஸ்காரர் யாரும் இதுவரை வழுக்கி விழுந்ததாகத் தகவல் இல்லை.

அந்த மதியம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது. சுருளிராஜன் எழுந்து போய் கம்ப்ரசரைப் போட்டார். காற்றடிக்க அப்போது வண்டி எதுவும் நிற்கவில்லை.

சாயங்காலம் ஏட்டு ஈஸ்வரபாண்டி ரோட்டைக் கடந்து வந்தார். “சுருளிண்ணே, நாளைக்கு ஒரு மகஜர் இருக்கு” என்றார்.

“நாளைக்கு நான் வீரபாண்டியில இருப்பேன்ல ஏட்டய்யா? வேணும்னா இப்பவே வெறுந்தாளுல போட்டுட்டுப் போறேன், நீங்க எழுதிக்கிடுங்க” என்றார் இவர். யாரும் கேட்கவில்லை, உதவியாக இருக்கட்டும் என்று தானாகவே சொன்னது.

சம்மன் வந்த பிறகு, சாட்சி சொல்லிப் பழகுவதற்காக ஏட்டு கொண்டுவந்து கொடுத்த நகலை, பதினொரு வருடத்தில் முதன்முறையாகப் படித்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மலை ஏறுகிற மெட்டு ரோட்டு வளைவில், லிங்கேஸ்வரனிடமிருந்து இரண்டு கட்டு லாட்டரிச் சீட்டு சுருளிராஜன் முன்னிலையில் கைப்பற்றப்பட்டதாம். திருவிழாச் செவ்வாய். ஓரத்தில் அவருடைய கறுப்பு ரேகை.

“ஏட்டய்யா, அன்னைக்கு நான் சட்டி எடுத்தேன்ல?”

“யாருண்ணே கேக்கப் போறா? மூணு தடவ ஆமாங்கய்யான்னு சொல்லிப்புடு, அம்புட்டுத்தேன். மிஞ்சிக் கேட்டா, சட்டிய மறுநாளு எடுத்தேன்னு சொல்லு.” ஏட்டு சிரித்துக்கொண்டே அடுக்கியிருந்த டயர்களைப் பார்த்தார். சுருளிராஜனும் பார்த்தார்.

வீட்டில் மனைவி அய்யம்மாள் கொதித்துப்போனாள். “ஆத்தாளுக்கு நேந்த நாள மாத்தச் சொல்ல அவுக யாரு?” என்று கத்தினாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து குரலை இறக்கினாள். “ஆனா கடையத் தூக்கச் சொல்லிட்டா நாம எங்கன போறது?” சுருளிராஜனுக்கும் பயமாக இருந்தது. அதைவிட, இதற்கு முன்னால் போட்ட கையெழுத்துகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அந்தச் சேவல்காரர் உண்மையிலேயே சேவல் வைத்திருந்தாரா? தெரியாது. எதையுமே அவர் பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் லிங்கேஸ்வரன் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். இடது கையால்தான் உருட்டினான். ஒடிந்த கை முழுசாக நீளவில்லை. மலை வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடிக்க முடியவில்லை என்று வண்டியை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறான். வழக்கில் தண்டனை விழுந்தால் இருக்கிற பிழைப்பும் போகும். சுருளிராஜன் டியூபை உருவித் தண்ணீரில் அமுக்கினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. இருட்டிலும் ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கைக்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை.

“அண்ணே, அங்கன நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்” என்றான் லிங்கேஸ்வரன். கோபமாகச் சொல்லவில்லை. “நானும் அங்கன இல்ல. அந்நேரம் உங்க கடைக்கு எதுத்தாப்புலதான் கெடந்தேன்.”

சுருளிராஜன் நிமிரவில்லை. நாலாவது சுற்றில் குமிழி வந்தது.

கோர்ட்டுக்கு வெள்ளை வேட்டி சட்டையில் போனார். முந்தின நாளே சீயக்காய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. கடைசி பெஞ்சில் ஏட்டு ஈஸ்வரபாண்டி. இந்தப் பக்கம் சுவரோரமாக லிங்கேஸ்வரன், வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு. கூண்டில் ஏறியதும் கடவுள் அறியச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தார்.

“இது உங்கள் கையெழுத்துதானே?” என்று அரசு வக்கீல் தாளைக் காட்டினார்.

“ஆமாங்கய்யா.”

“சம்பவத்தன்று, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மெட்டு ரோட்டு வளைவில் நீங்கள் இருந்தீர்களா?”

ஏட்டு தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். சுருளிராஜனின் வலது கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கன்னத்துக்கு வந்துவிட்டது. துடைக்கவில்லை.

“கேட்டது காதில் விழுந்ததா?” என்றார் நீதிபதி.

“விழுந்துச்சுங்கய்யா. பத்து மணிக்கு நான்…” என்று தொடங்கினார். கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கைகளை எடுத்தார். முழங்கையை விலாவோடு ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்கத் திருப்பி, நெஞ்சுக்கு நேரே நீட்டினார். பிறகு வேப்பிலைக்கு இடம் விட்டு விரல்களைக் கொஞ்சம் அகட்டிக்கொண்டார்.