கயிறு கட்டிய துப்பாக்கி

நாங்கள் வீட்டில் துப்பாக்கி செய்தோம் என்று சொன்னால் இப்போதும் சிலர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். மீன் சுடுகிற துப்பாக்கிதான். மருந்து கிடையாது, குண்டு கிடையாது. ஒரு கட்டை, அதன்மேல் ஒரு கம்பி, கம்பியைப் பாய வைக்க ரப்பர், ரப்பரை இழுத்துப் பிடித்திருந்து விடுவதற்கு ஒரு விசை. தண்ணீருக்குள் முங்கிப் போய் மீனைப் பார்த்து விசையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் இந்த நாலு சாமானைப் பொறுக்கி எடுப்பதற்குள் எனக்கும் மச்சானுக்கும் எத்தனையோ சண்டை.

மச்சான் என் அக்காவின் புருஷன், சங்கு குளிக்கிறவர், அதாவது கடலடிக்கு முங்கிச் சங்கு எடுக்கிறவர். நான் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். ஆனால் குளிக் காலம் வந்துவிட்டால் லீவு போட்டுவிட்டு அவரோடு வள்ளத்தில் போவேன். எங்கள் கரையில் குளியாளின் கயிற்றை மேலே இருந்து பிடிக்கிறவன் பெரும்பாலும் அவன் பொண்டாட்டியோடு கூடப் பிறந்தவனாகத்தான் இருப்பான். அவன் அசந்து போனால் அவன் அக்காள் தங்கச்சியின் தாலிதானே போகும், அதனால் அசர மாட்டான் என்று கணக்கு. கீழிருந்து கயிறு சுண்டி ஒரு வெட்டு வெட்டினால் உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டும். அப்படி இழுத்து இழுத்தே என் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு குளிக் காலத்தில் மேலே வந்த மச்சானுக்கு இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. வலது காது ஏற்கெனவே மந்தம். சவ்வு கிழிந்திருக்கிறது, ஆறினாலும் இனி ஆழத்துக்குப் போனால் இந்தக் காதும் அவ்வளவுதான் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் விடுவாரா? ஏலத்தில் சீலா மீனுக்குப் பேரம் பேசுவதுபோல டாக்டரிடமே பேசி, காது ஆறின பிறகு மூன்று பாகத் தண்ணீர் வரைக்கும் போகலாம் என்று வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். மூன்று பாகத்தில் சங்கு கிடைக்காது என்பது அவருக்கும் அக்காவுக்கும் எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒரு வேலை சேர்ந்துகொண்டது. வெள்ளைத் துணியின் ஒரு நுனியைத் திரித்து மச்சானின் காதுக்குள் விட்டு எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சிவப்பு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று. மச்சான் ஊசி போட்டுக்கொள்ளப் போகிற பிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

துப்பாக்கி யோசனை ஒரு கப்பல்காரனால் வந்தது. சரக்கு இறக்க வந்த வெளிநாட்டுக் கப்பலில் இருந்தவன் முயல்தீவுப் பக்கம் கழுத்தளவு ஆழம்கூடத் தாண்டாமல் பெரிய பெரிய மீனாகச் சுட்டதை மச்சான் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே பேச்சு. அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏலே, அந்தச் சனியனை எப்படியாவது செஞ்சு குடுத்துரு. கையில அது இருந்தா கரையோரமாவே சுத்திக்கிட்டுக் கெடப்பாக. இல்லேன்னா எனக்குத் தெரியாம ஆழத்துக்குப் போயிருவாக, பாத்துக்க."

முதலில் கட்டை. பழுதாகி உடைக்கப் போட்டிருந்த தோணியிலிருந்து இரண்டு துண்டு வாங்கி வந்தோம், ஒன்று வேங்கை, ஒன்று தேக்கு. மச்சானுக்கு வேங்கையின் மேல் ஒரே காதல். கையில் பிடித்தால் கனமாக, ஆண்பிள்ளைச் சாமான்போல இருக்கிறதாம். இரண்டையும் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். வேங்கை முக்கால்வாசி முழுகிக் கிடந்தது, தேக்கு நிமிர்ந்து மிதந்தது. கம்பியும் சேர்ந்த பிறகு கை தவறினால் மேலே வருவது எது என்று கேட்டேன். "என் கை தவறாது" என்றார். தவறாத கைக்குத் துப்பாக்கி எதற்கு, மீனைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதுதானே என்று நான் சொன்னதில் மூன்று நாள் பேச்சில்லை. தேக்கில்தான் செய்தோம்.

கம்பிக்கும் விசைக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். மச்சானுக்குக் காது மந்தம் ஆனதிலிருந்து குரல் கூடிவிட்டது. கடையில் பத்துப் பேர் நிற்கும்போது, "அண்ணாச்சி, துப்பாக்கிக்கு ஒரு கம்பி வேணும்" என்று முழங்கினார். எமர்ஜென்சி நேரம். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏ, மெதுவாப் பேசும்யா. என்னையும் சேத்து உள்ள தள்ளிருவானுவ."

மீனுக்கு என்று நான் விளக்கிச் சொன்ன பிறகும் அவர் நம்பவில்லை. சீக்கிரம் எங்களை அனுப்பினால் போதும் என்று உள்ளே கூட்டிப் போய் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பயத்தில் எங்களுக்கு நல்ல சாமான் கிடைத்தது. எவர்சில்வர் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சிமெண்டுத் தரையில் உருட்டினேன். கோணல் இருந்தால் லொடலொடவென்று தத்திக்கொண்டு போகும், நேரானது சத்தமில்லாமல் ஓடும். அப்படி ஓடியது ஒன்றே ஒன்றுதான். விசைக்கு ஒரு பித்தளைத் துண்டு எடுத்துக்கொண்டேன். இரும்பு உறுதிதான், ஆனால் உப்புத் தண்ணீரில் ஒரு வாரத்தில் துருவேறிச் சிக்கிக்கொள்ளும். விசை சிக்கிக்கொண்டால் அதை வைத்துத் தேங்காய்கூட உடைக்க முடியாது.

ரப்பருக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டிப் பார்த்தோம். இரண்டாவது இழுப்பிலேயே அறுந்து மச்சானின் தொடையில் பட்டென்று அடித்தது. அக்கா அடுப்படியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு லாரி டியூப்பை வாராக வெட்டிப் போட்டதில் சரியாக வந்தது. கம்பியின் பின்முனையையும் கட்டையையும் நைலான் நூலால் இணைத்தோம், குத்துப்பட்ட மீன் கம்பியோடு ஓடிவிடாமல் இருக்க.

எல்லாம் முடிந்து துப்பாக்கியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த மச்சான், கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டுத் தரச் சொன்னார். அதில் கயிற்றைக் கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளப் போகிறாராம். எனக்கு வந்ததே கோபம்.

"கையில கட்டிக்கிடுவீரு. களவா மீன் குத்தோட ஆழத்துல இருக்க பொந்துக்குள்ள ஓடும். நீரும் பின்னாலயே போவீரு. காதுக்கு யாரு பதில் சொல்லுதது?"

"அதுக்காவ இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சதை மீன் கொண்டு போவட்டும்னு விடச் சொல்லுதியா மாப்ள?"

"அப்பம் இடுப்புல கயிறு கட்டும். நான் மேல பிடிச்சிக்கிடுதேன்."

"மூணு பாகத் தண்ணிக்கு எனக்குக் கயிறா? ஊரு சிரிக்கும்ல."

அதுதான் விஷயம். பத்துப் பாகத்துக்குக் கயிறோடு போனவர், மூன்று பாகத்துக்குக் கயிறு கட்டினால் மானம் போகும் என்று நினைத்தார். நான் துளையைப் போட்டேன். ஆனால் அதில் மணிக்கட்டுக் கயிற்றைக் கோக்கவில்லை. அவருடைய பழைய குளிக் கயிற்றையே எடுத்து, மூன்று பாகத்துக்கு அளந்து வெட்டி, ஒரு முனையைத் துளையில் முடிந்தேன். மறுமுனை வள்ளத்தில் என் கையில் இருக்கும். இது மனுஷனுக்குக் கட்டுகிற கயிறு இல்லை, துப்பாக்கிக்குக் கட்டுகிற கயிறு, யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றேன். மச்சான் கயிற்றைக் கையால் அளந்து பார்த்தார். மூன்று பாகம்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் என்னை முறைத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை நாள், எங்கள் ஆட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். ஆகவே சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்து வெயில் ஏறிய பிறகு தீவுக்கு அப்பால் பார் இருக்கும் இடத்துக்குப் போனோம். பார் என்பது கடலடிப் பாறைத் திட்டு. அதன் மேலே மூன்று பாகம்தான், விளிம்பைத் தாண்டினால் மளமளவென்று ஆழம். மச்சான் முங்குகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிலுவை போட்டுவிட்டு இறங்கினார். முதல் இரண்டு முங்கில் ஒன்றுமில்லை. சும்மா கம்பியைப் பாய வைத்துவிட்டு வந்து, ரப்பர் அருமை என்று என்னையே பாராட்டினார்.

மூன்றாவது முங்கில் கயிறு வெட்டியது. ஒரு வெட்டு.

எனக்குத் துப்பாக்கி ஞாபகமே இல்லை. கையிலே கயிறு, கயிறு வெட்டினால் கீழே இருப்பது மச்சான், எனக்குத் தெரிந்தது அதுதான். இழுத்தேன். ஆள் கனம் இருந்தது. அந்தோணியாரே அந்தோணியாரே என்று கத்திக்கொண்டே இழுத்தேன். மேலே வந்தது தேக்குக் கட்டை. அதற்கு அடியில் கம்பி பாய்ந்த ஒரு களவா, வாயைப் பிளந்துகொண்டு துள்ளியது. மச்சானைக் காணவில்லை.

நான் மீனையும் துப்பாக்கியையும் வள்ளத்துக்குள் போட்டுவிட்டு நின்றேன். கயிற்றின் நுனி வெறுமனே என் கையில் இருந்தது. அப்படி ஒரு பயம் நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. விளிம்புக்கு அந்தப் பக்கம் போயிருப்பார், ஆழத்தில் காது அடைத்துத் தலை சுற்றியிருக்கும் என்று என்னென்னவோ தோன்றியது. குதிக்கப் போனேன்.

"மாப்ள, எங்க போற?"

முதுகுக்குப் பின்னால், வள்ளத்தின் மறுபக்கம், தண்ணீரில் தலையை நீட்டிக்கொண்டு மச்சான். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் பாட்டன் பூட்டன் வரைக்கும் போனேன். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. அவர் மந்தமான காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு பொறுமையாக இருந்தார்.

"மீனு விளிம்புக்குக் கீழ இழுத்துட்டு மாப்ள. கொஞ்சம் போனேன். காதுல சுருக்குன்னுச்சு. கயிறு உன் கையிலல்லா கெடக்குன்னு விட்டுட்டேன்."

பத்து வருஷத்துக்கும் மேல் அவருக்குக் கயிறு பிடித்திருக்கிறேன். அவர் கையிலிருந்து எதையும் விட்டு நான் பார்த்ததில்லை. ஆழத்துக்கு நழுவிய சங்குப் பையை விடமாட்டேன் என்று பின்னாலேயே போய்த்தான் அந்த இடது காதையே கிழித்துக்கொண்டார். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. வள்ளத்தைக் கரைப் பக்கம் திருப்பினேன்.

வீட்டு வாசலில் நான் மீனைத் தூக்கிக் காட்டி, மச்சான் துப்பாக்கியை விட்டதையும் கயிறு அதை மீனோடு கொண்டுவந்ததையும் சொன்னேன். தூக்கினால் கை கடுக்கிற மீன். அக்கா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மச்சானைப் பிடித்து உட்கார வைத்து, துணி நுனியைத் திரித்து இடது காதுக்குள் விட்டாள். துணியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஏலே, அந்தக் கயித்தை நல்ல தண்ணியில அலசிக் காயப் போடு" என்றாள்.