சாக்ஸ் போட்ட காகம்

என் சித்தி ஒரு டி-ஷர்ட் கம்பெனியின் மாடி அறையில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அச்சடிக்க வேண்டிய படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய வாரம் அவளைப் பார்க்க அங்கே போனேன்.

"வந்துட்டியா தேசாந்திரி? இதப் பாரு."

திரையில் சாக்ஸ் போட்ட காகம் ஒன்று தூங்கி வழிந்தது. முதலாளி இணையத்திலிருந்து எடுத்துத் தந்த படம். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்க வேண்டுமாம். வரைந்தவர் கையெழுத்து ஓரத்தில் இருந்தால் சித்தி ஒரே தேய்ப்பில் அழித்துவிடுவாள். அப்படி எத்தனையோ அழித்திருக்கிறாள். இதில் அது சாக்ஸின் பின்னலுக்குள்ளேயே ஓடியது. எடுத்தால் சாக்ஸே பிரிந்துவிடும்.

அறைக்குள் வந்த முதலாளியிடம் சித்தி கேட்டாள்: "யார் வரைஞ்சது சார்?"

"நெட்ல இருந்துச்சும்மா."

"நெட்டுக்கு ஏது சார் கை?"

முதலாளி சிரித்துவிட்டார். சித்தி அந்தக் கையெழுத்தை வைத்து ஆளைத் தேடிப் பிடித்து, அனுமதி கேட்டுச் செய்தி அனுப்பினாள். உடனே ஒரு பெண்ணிடமிருந்து பதில்: "அக்கா, எனக்குப் பதினஞ்சு வயசு. காசெல்லாம் வேணாம். நிஜமாவே என் காக்காவ போடுவீங்களா?"

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "அவ போட்டோவயும் வாங்கிடு. 'உன் வயசுப் பொண்ணு போட்டிருக்கா, நீ இன்னும் போடலையா?'ன்னு விளம்பரம் விட்டா பிச்சுக்கிட்டுப் போகும்!"

சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. சும்மா இருந்த பிள்ளையை இழுத்துவிட்டோமே என்று முணுமுணுத்தாள். போட்டோ கேட்கவில்லை, அம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கி அவருக்குப் போன் செய்தாள்.

"படத்துக்குக் காசு கேளுங்கம்மா. பேரு போடச் சொல்லுங்க. போட்டோ மட்டும் குடுக்காதீங்க. அத வச்சு மத்த பிள்ளைங்கள ஏங்க வைக்கப் பாக்கறாங்க."

முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். "நீ யாருகிட்டம்மா சம்பளம் வாங்கற?"

"உங்ககிட்டதான் சார். காக்காவே சட்டைய வித்துடும். பிள்ளைங்கள ஏன் சார் மட்டம் தட்டணும்?"

அவர் படியிறங்கிப் போனார். சாயங்காலம்வரை சித்திக்கு வேலையே ஓடவில்லை. வேலை போனால் வீட்டு வாடகைக்கு எங்கே போவாள்?

ஆறு மணிக்கு அவர் மேலே வந்தார். "அந்தப் பொண்ணோட அம்மா போன் பண்ணாங்க. லேசுப்பட்ட ஆளில்ல. காசு, பேரு ரெண்டுக்கும் ஒத்துக்கிட்டேன். போட்டோ கிடையாது. போதுமா?"

அந்தப் பெண்தான் கோபித்துக்கொண்டு செய்தி அனுப்பினாள். "என் போட்டோ வராம நீங்கதான் கெடுத்தீங்களாம். பேசமாட்டேன், போங்க." அடுத்த நாள் முழுக்கச் சித்தி போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

மூன்றாம் நாள் நானும் அங்கிருந்தேன். அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு முள்ளம்பன்றிப் படம் வந்தது. கீழே ஒரே வரி: "இதுக்கு எவ்ளோ கேக்கலாம்?"

"அடி கள்ளி!" சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். தொகையைச் சொல்லிப் பதில் எழுத உட்கார்ந்தவள், முதலாளி வருகிறாரா என்று படிக்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.