காட்பாடியைத் தாண்டாத டார்ஜிலிங்

போன வாரம் மருமகள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே பன்னிரண்டு வகை டீயாம். எல்லாம் நூல் கட்டிய சின்னப் பொட்டலங்கள். ஒன்றில் செம்பருத்தி, ஒன்றில் எலுமிச்சம்புல், ஒன்றில் ஏதோ சீமைப் பூ. தேயிலை மட்டும் எதிலும் இல்லை. கண்ணாடி டம்ளரில் ஒன்றைப் போட்டு, தூண்டிலில் மீன் பிடிக்கிறவன்போல நூலை ஆட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பாக ஏதோ இறங்கியது.

“நல்லா இருக்கா மாமா?”

“இருக்கும்மா” என்றேன். பொய். பழந்துணி அலசிய தண்ணீருக்குக்கூட இதைவிட ருசி இருக்கும்.

அந்தச் சிவப்பு என்னை நேராக விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அறுபதுகளின் தொடக்கம். ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஒருநாள் தேயிலைப் பெட்டி ஒன்று மூலை உடைந்து தூள் சிந்தியது. அந்த வாசனையில் விழுந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை. ஆபீஸில் மற்றவர்களெல்லாம் காபிக்காரர்கள். சிக்கரித் தண்ணீருக்கு டபராவில் பூஜை செய்கிற கூட்டம் என்று அவர்களை இளக்காரம் பேசிக்கொண்டு திரிவேன். அந்த வயதில் இளக்காரம் பேசினாலே அறிவாளி என்று நினைப்பு.

எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி ரயில் கார்டு முனுசாமி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாடகை வீட்டுக்கு வருவார். மூன்று நான்கு கிளாஸில் விதவிதமான டீயை ஊற்றி வைத்துக்கொண்டு இருவரும் உறிஞ்சுவோம். உறிஞ்சுகிற சத்தம்தான் நிபுணத்துவம் என்பது அவர் கட்சி. நாங்கள் எழுப்பிய சத்தத்தில் பக்கத்து வீட்டு எருமை திரும்பிப் பார்க்கும். ஒரு வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். “நீலகிரி. கிழக்குச் சரிவு” என்பார். நானும் கண்ணை மூடி, “ஆமாண்ணே, கிழக்கேதான்” என்பேன். எனக்கு எந்தச் சரிவும் தெரிந்ததில்லை.

ஒரு ஞாயிறு தகர டப்பா ஒன்றோடு வந்தார். “கல்கத்தாவுல இருந்து மச்சான் அனுப்பினது. டார்ஜிலிங்!” அவர் போன ரயில் காட்பாடியைத் தாண்டியதில்லை, ஆனால் டீ என்று பேச ஆரம்பித்தால் இமயமலையிலிருந்து இறங்கமாட்டார். குடித்தோம். மல்லிகை வாசம் வருகிறது என்றார். எனக்கும் வந்தது.

என் மனைவி தனலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒலக்கூரில் விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

“இன்னாங்க, இதுல புளியங்கொட்டைத் தோலு வாடை அடிக்குதே? எங்க ஊட்ல வறுத்துத் தோலு எடுப்போம். அதே வாடை.”

கார்டு புருவத்தைத் தூக்கினார். எனக்கு மானம் போய்விட்டது. “கேப்பைக் கூழு குடிச்ச நாக்குக்கு டார்ஜிலிங் இன்னா தெரியும்?” என்றேன். கார்டு தொடையில் தட்டிச் சிரித்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை என் முன்னால் வைத்து, கார்டு விட்டுப்போன டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகைத் தூள் போட்டாள். நல்ல தேயிலை பச்சைத் தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் சாயம் விடாது. இது விழுந்த மாத்திரத்தில் செக்கச்செவேல் என்று இறங்கியது. பார்த்தேன். புரிந்தது. டம்ளரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, “அண்ணன் காதுல போட்டுடாதே” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறும் அதே டப்பா. எல்லாம் தெரிந்த நான் உறிஞ்சி, “மல்லிகைதாண்ணே” என்றேன். கார்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, “இன்னா தங்கச்சி, கூழு நாக்கு இன்னா சொல்லுது?” என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தனலட்சுமி தண்ணீர் டம்ளரோடு வந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து ஒரு சிட்டிகை போட்டாள். “உங்க மச்சான் டீ விக்கிறாரா, சேலைக்குச் சாயம் போடறாரா?”

கார்டு தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்தான். அப்புறம் வரவேயில்லை. நான் குதித்தேன். “ஊட்டுக்கு வந்த மனுஷனை இப்படியா அவமானம் பண்ணுவே?”

“ஒரு வாரமா உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே என்னைப் பார்த்துச் சிரிச்சீங்களே.”

மறுநாள் ரயிலேறி ஒலக்கூர் போய்விட்டாள். நான் வீம்புக்கு இருபது நாள் ஓட்டலில் சாப்பிட்டேன். பிறகு திண்டிவனத்தில் இறங்கி, கடைத்தெருவில் நாலு கடையில் தூளை முகர்ந்து பார்த்து, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் அப்பா களத்தில் மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “வாங்க” என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். பொட்டலத்தை அவளிடம் நீட்டி, “நீ சொன்னதுதான் சரி. நான் சிரிச்சது தப்பு” என்றேன். அவர் காதில் விழும்படியே சொன்னேன்.

அவள் பிரித்து முகர்ந்தாள். “இது தூசி. ஆனா டீதான்” என்றாள். அன்று சாயங்கால வண்டிக்கே இருவரும் கிளம்பினோம். அதன்பிறகு எங்கள் வீட்டில் உறிஞ்சுகிற சத்தம் கிடையாது. எது வாங்கி வந்தாலும் அவள்தான் முதல் வாய் குடிப்பாள். பத்தில் எட்டு, “பேஜாரு” என்று திரும்பிவிடும்.

மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கி எத்தனையோ காலமாயிற்று. வாடகை வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. கார்டு என்ன ஆனாரோ தெரியாது. தனலட்சுமி போயும் ஆறு வருஷம். பிள்ளைகள் ரொம்ப மரியாதையானவர்கள். நான் எதைச் சொன்னாலும் “சரிங்கப்பா” என்பார்கள். போன மாதம் வேண்டுமென்றே, திண்டிவனத்துக்கு மேற்கே கடல் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

“சரிங்கப்பா” என்றான் மகன்.