துப்பறியும் அக்காவின் விபத்து அறிக்கை

அட்டைப்பெட்டிக் கிடங்கில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கும் அக்காவுக்குத் 'துப்பறியும் அக்கா' என்று பெயர் வைத்தவர்கள் அங்கே சுமை ஏற்றுகிறவர்கள். அதில் பாசம் கொஞ்சம், நக்கல் நிறைய. சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒரு கையால் சாப்பிட்டபடி, இன்னொரு கை விரலால் போனைத் தட்டிக்கொண்டே இருப்பார். திரையில் ஒரு படம், கீழே இரண்டு வரிப் பேச்சு. தட்டினால் அடுத்த வரி வரும். யாரோ ஒருவர் செத்துக் கிடப்பார், சுற்றி ஏழு பேர் முழித்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொருவராக விசாரித்து, பொய்யைப் பிடித்து, கடைசியில் இவர்தான் என்று விரலை வைக்க வேண்டும். விஷுவல் நாவல் என்று அதற்குப் பெயராம். அக்காவைக் கேட்டால் 'கொலைக்கதை' என்பார்.

"கண்ணு கெட்டுப் போகப்போகுது. அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று அக்காவின் கணவர் ஒருநாள் கேட்டார்.

"கேட்ட கேள்விக்குப் பதில் வருது. கொலை பண்ணினவன்கூட உக்காந்து ஏன் பண்ணினேன்னு விவரமா சொல்றான்."

"நான் சொல்றதில்லையா?"

"நான் எது கேட்டாலும் நீங்க 'ம்'ங்கிறீங்க. அத வச்சு யாரையும் உள்ள தள்ள முடியாது."

"ம்," என்றார் அவர்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாரா வாரம் முப்பத்திரண்டு கேள்விகள் உள்ள தாளை எடுத்துக்கொண்டு கிடங்கைச் சுற்றி வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து டிக் போடுவது அவர் வேலை. சேர்ந்த புதிதில் ஒழுங்காகத்தான் சுற்றினார். தீயணைப்புக் குழாயில் ஓட்டை என்று எழுதினார், அலமாரி ஆடுகிறது என்று எழுதினார். 'மேல சொல்லியிருக்கு' என்ற பதில் மட்டும் தவறாமல் வந்தது. அலமாரி ஆடிக்கொண்டேதான் இருந்தது. எத்தனை வருடத்துக்கு ஒரு மனுஷி தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்த முடியும்? இப்போதெல்லாம் நாற்காலியை விட்டு எழாமலே முப்பத்திரண்டு டிக்கையும் போட்டுவிடுகிறார். அது தப்பு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னோக்கி வந்தபோது, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவன் குறுக்கே மாட்டிக்கொண்டான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வண்டியை ஓட்டியவனைக் கிடங்கில் 'ஆமை' என்பார்கள். அவ்வளவு நிதானமாக ஓட்டுவான். கால் முறிந்தவன் அவனுக்கு உயிர்ச் சிநேகிதன், தினமும் ஒரே பைக்கில் வந்து போகிறவர்கள்.

புதன்கிழமை மேலாளர் விபத்து அறிக்கையை முக்கால்வாசி எழுதியே கொண்டுவந்தார். காரணம் என்ற இடத்தில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்றிருந்தது. அக்கா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் நாளையிலிருந்து ஆமைக்கு வேலை இல்லை. அந்தத் தாள் போன பிறகு வேறு எந்தக் கிடங்கும் அவனை வண்டியில் ஏற்றாது.

இதற்கு முன்னால் இப்படி ஒன்பது அறிக்கைகளில் அக்கா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்றைக்கு மட்டும் பேனா நின்றது. முந்தின நாள்தான் கொலைக்கதையில் அவசரப்பட்டு ஒரு சமையல்காரியைக் கொலைகாரி என்று கைகாட்டியிருந்தார். அவளை இழுத்துக்கொண்டு போன பிறகுதான் அவள் நிரபராதி என்று தெரிந்தது. மனசு கேட்காமல் விசாரணையை முதலிலிருந்து தொடங்கியிருந்தார்.

"சாயந்தரம் வரைக்கும் டைம் குடுங்க சார். ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதறேன்."

"கேக்க என்னம்மா இருக்கு? ஓட்டினது அவன், கால் போனது இவனுக்கு. நாலு மணிக்குள்ள குடுத்துடுங்க."

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடங்கின் கடைக்கோடிக்கு நடந்தார். ஆமை ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். ராத்திரி தூங்கின முகமாக இல்லை. கொலைக்கதையில் கேட்கிற மாதிரியே, ஒன்றையும் விடாமல் கேட்டார்.

"வேகமா வந்தீங்களா தம்பி?"

"இல்லக்கா."

"திரும்பிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அவன் அலமாரிக்குப் பின்னாலேருந்து வந்தான்."

"பின்னால போனா வண்டி கத்துமே. அவனுக்குக் கேக்கலயா?"

ஆமை தரையைப் பார்த்தான். "அது கத்தி மூணு வாரம் ஆச்சு."

அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு சுறுசுறுப்பு வந்தது. இதோ பிடித்துவிட்டோம் என்று நினைத்தார். "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவன் பெட்டியின் ஓரத்தை நகத்தால் கீறினான்.

"சொல்லுங்க. உங்க வேலையே இதுலதான் இருக்கு."

"உங்ககிட்டதான்க்கா சொன்னேன். ரெண்டு வாரம் முன்னால, சாப்பாட்டு நேரத்துல. நீங்க போனைப் பாத்துக்கிட்டே 'பாக்கறேன்'னு சொன்னீங்க."

அக்கா குரலைத் தாழ்த்தினார். "மேலாளர்கிட்ட ஏன் இத சொல்லல?"

"உங்கள எதுக்கு மாட்டிவிடணும்னு இருந்துட்டேன்."

அக்கா இருக்கைக்குத் திரும்பி, புதிய தாள் எடுத்து எழுதினார். வண்டியின் எச்சரிக்கை ஒலி பழுது. ஓட்டுநர் தெரிவித்தார். மேற்பார்வையாளர் பரிசோதிக்கவில்லை, பரிசோதித்ததாக இரண்டு வாரமும் டிக் போட்டிருக்கிறார். எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மேலாளர் அதை இரண்டு தடவை படித்தார். "இது மேல போனா உங்கள நானே வீட்டுக்கு அனுப்பணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். அனுப்புங்க."

சாயந்தரம் வாசலில் ஆமை காத்திருந்தான். சேதி அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது. நன்றி சொல்வான் என்று அக்கா எதிர்பார்த்தார், பொய் சொல்வானேன். அவன் சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது உங்களுக்குக் காதுல விழுந்துச்சாக்கா, இல்லையா?"

விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான்.

"விழுந்துச்சு தம்பி."

"அப்புறம் ஏன்?"

அக்கா யோசித்துப் பார்த்தார். பெரிதாக ஒரு காரணமும் அகப்படவில்லை. "எழுந்திரிக்க அலுப்பா இருந்துச்சு," என்றார்.

ஆமை பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் திட்டினால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்," என்றான் கடைசியில். "அவன் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். நான் பாக்காம வந்து ஏத்திட்டேன்னு நெனைக்கிறான். இப்ப என்கிட்ட சொன்னத அவன்கிட்ட வந்து சொல்லுங்கக்கா. தாள்ல எழுதினது அவனுக்குத் தெரியப்போறதில்ல."

ஆஸ்பத்திரிக்கு எந்தப் பேருந்து போகும் என்று அக்கா அவனிடமே கேட்டார்.