சொல்லப் போனவருக்கு இலை இல்லை

என் மகளுக்கு அந்தப் பாடத்தில் அது கடைசித் தடவை. வேலை செய்துகொண்டே வெளிவாரியாகப் படித்த பட்டம். மற்றப் பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கணினி உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்ற ஒரு பேப்பர் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இனியும் தவறினால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால், தற்காலிகமாகப் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் நிரந்தர நியமனமும் இல்லை. கட்டாரில் இருக்கிற மருமகன் போனில், போனால் போகட்டும் என்று ஆறுதல் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டு முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள். காலையில் நான் கூட்டிய முற்றம்.

வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்குப் பாடம் நிற்கும். கேட்க ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் குசினியில் இறால் உடைக்கும்போது பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து சொல்லுவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றும் புரியாமல் ஓம், ஓம் என்றுகொண்டிருப்பேன். ஒருநாள் பிடித்துவிட்டாள்.

"சும்மா ஓம் போடாதீங்கம்மா. விளங்கல்லண்டா விளங்கல்லண்டு சொல்லுங்க."

"விளங்கல்ல" என்றேன். அதைச் சொன்னதும் நெஞ்சு இலேசானது. அதுவரை நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு முதலில் இருந்து சொன்னாள். கணினியில் ஒரு கோப்பு ஒரே கட்டியாக ஓரிடத்தில் கிடப்பதில்லையாம். ஒரே அளவான துண்டுகளாக்கி, இடம் இருக்கிற இடத்தில் வைத்துவிடுமாம். எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்பதை ஒரு சின்னச் சீட்டில் எழுதி வைக்கும். அதற்குப் பெயர் ஐநோட். சீட்டோ சின்னது, எல்லா விலாசமும் அதில் கொள்ளாது. அதனால் முதல் பன்னிரண்டு துண்டுகளின் விலாசத்தை மட்டும் நேராக எழுதும். அடுத்த இடத்தில், விலாசங்களால் மட்டுமே நிரம்பிய ஒரு துண்டின் விலாசம் இருக்கும்; அது முதல் கட்டு. அதற்கடுத்த இடம் இரண்டாம் கட்டு. அங்கே போனால் விலாசத் துண்டுகளின் விலாசங்கள்தான் கிடைக்கும். கடைசி இடம் மூன்றாம் கட்டு, இன்னும் ஒரு படி தள்ளி. இத்தனையையும் வைத்துக்கொண்டு ஆகக் கூடியது எவ்வளவு பெரிய கோப்பை வைக்கலாம்? கேள்வி இதுதான்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவளுடைய கலியாணம் ஞாபகம் வந்தது. ஆட்களின் முகம் பார்த்துப் பேச எனக்கு எப்போதும் கூச்சம். கலியாணம் சொல்ல வெற்றிலையோடு நான் நேரே போனது பக்கத்து வீடுகளுக்கு மட்டும். பனிச்சங்கேணிச் சொந்தக்காரருக்குச் சொல்லும் பொறுப்பை மச்சாளிடம் கொடுத்தேன். அவள் சில வீடுகளுக்குப் போய், அந்த வீட்டாரை அடுத்த ஊர்களுக்கு அனுப்பினாள். கலியாணத்தன்று நான் கண்டறியாத முகங்களால் பந்தல் நிரம்பிவிட்டது.

"அப்ப இது கலியாணம் சொல்ற மாதிரித்தானே, புள்ள?"

அவள் பேனையைக் கன்னத்தில் வைத்து யோசித்துவிட்டு, "ஓம்மா, அதேதான்" என்றாள்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டுக் கலண்டரில் கிழித்த தாளைப் புரட்டிப்போட்டேன். ஒரு துண்டு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட். ஒரு விலாசத்துக்கு நாலு பைட் வேண்டும். வகுத்தேன். ஒரு துண்டில் ஆயிரத்து இருபத்துநாலு விலாசம். இரண்டாம் கட்டுக்கு அதை அதாலேயே பெருக்க வேண்டும். பெருக்கத் தேவையில்லை, இரண்டின் அடுக்கில் வைத்துப் பத்தையும் பத்தையும் கூட்டினால் போதும் என்றாள் மகள். எனக்கு அந்த வழி தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்கினேன். பத்து இலட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்றெழுபத்தாறு. அவள் போனில் தட்டிப் பார்த்தாள். சரி. மூன்றாம் கட்டுக்குத் தாளைக் குறுக்காகத் திருப்ப வேண்டியிருந்தது. நூற்றேழு கோடிக்கு மேல் வந்தது. அதுவும் சரி.

ஆனால் எல்லாவற்றையும் கூட்டியபோது என் விடை அவளுடையதைவிடப் பத்து இலட்சத்துக்கு மேல் கூடிப்போனது. அவள் என் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கால வந்த இவ்வளவும்?"

விலாசத் துண்டுகளையும் நான் சேர்த்து எண்ணியிருந்தேன். "சொல்லப் போன ஆக்களும் சாப்பிடுவாங்கதானே" என்றேன். எங்கள் வழக்கம் அதுதான். வெயிலில் நடந்து ஊர் ஊராய்ச் சொன்னவரை முதல் பந்தியில் இருத்தாமல் விட்டால் அது என்ன கலியாணம்?

மகள் சிரித்த சிரிப்பில் பூனை எழும்பி ஓடியது. "இல்லம்மா. இதில சொல்லப் போனவருக்கு இலை இல்ல. அவர் இடத்த மட்டும் பிடிப்பார். கோப்பின்ட அளவில சேரமாட்டார்."

சொல்லி முடித்தவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன முறை சோதனையில் அவளும் இதையேதான் செய்தாளாம். இப்போது பாடமாக்கிய சூத்திரத்தால் விடை சரியாக வருகிறது. அப்போது சூத்திரம் மறந்து, தானாகவே யோசித்து எழுதியிருக்கிறாள். எங்கே பிழைத்தது என்று இந்த நிமிடம்வரை அவளுக்குத் தெரியாது.

"நானும் இந்த வீட்டாள்தானே. நானும் அவங்களுக்கு இலை போட்டிரிக்கன்" என்றாள்.

அதன்பிறகு சூத்திரம் பாடமாக்குவதை விட்டுவிட்டோம். துண்டின் அளவை மாற்றுவோம், விலாசத்தின் அளவை மாற்றுவோம், சொல்லப் போகிறவர்களை முதலில் தனியே ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவோம். நானே புதுக் கணக்குகள் கட்டி அவளுக்குக் கொடுத்தேன்.

சோதனை வந்தாறுமூலைக் கம்பஸில். நானும் கூடப் போய் வெளியே மரநிழலில் இருந்தேன். முடிந்து வந்தவள் நேரே பஸ்ஸுக்கு நடந்தாள். கல்லடிக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு கேள்வியை மட்டும் சொன்னாள். துண்டு ஆயிரத்து இருபத்துநாலு பைட், விலாசம் நாலு பைட், நேரடியாகப் பத்து, முதல் கட்டு ஒன்று, இரண்டாம் கட்டு ஒன்று. தான் எழுதிய விடையைச் சொல்லவில்லை. என்னைச் செய்யச் சொன்னாள்.

மடியில் விரலால் எழுதினேன். ஒரு துண்டுக்கு இருநூற்றைம்பத்தாறு விலாசம். அதை அதால் பெருக்கி, இன்னொரு இருநூற்றைம்பத்தாறையும் பத்தையும் கூட்டினேன். பஸ் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன்.

"அறுபத்தையாயிரத்து எண்ணூற்றிரண்டு கிலோபைட்!"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கொண்டக்டரும் பார்த்தார். வேறு நாளென்றால் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்திருப்பேன்.

மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அதத்தான் எழுதினன். சொல்லப் போனாக்களுக்கு?"

"பட்டினி" என்றேன்.

முடிவு வந்த அன்று அவள் பள்ளிக்கூடத்தில் நின்றாள். போனில் பின்னால் ஒரே ஆரவாரம். "பாஸ், அம்மா. நல்ல பாஸ்" என்றாள். பிறகு அழுதாள். நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அதிபரே வந்து சொல்லிவிட்டாராம். நான் போனைப் பிடித்தபடி முற்றத்துக்கு வந்து, ரோட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்தேன்.

அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு ஓடிவந்தாள். மகள் பாஸ் என்றேன். என்ன பாடம் என்று கேட்டாள். கேட்டவளை விடுவேனா? துண்டு, விலாசம், சின்னச் சீட்டு என்று தொடங்கினேன். அவள் வாயைப் பிளந்தபடி நின்றாள். நான் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

"அடுப்பில சோறு கிடக்குகா, அடிப்பிடிக்கப் போகுது. நான் போயிட்டு வாறன்" என்றாள்.

"கொஞ்சம் நில்லுகா" என்றேன். "மூண்டாம் கட்டு இன்னும் இரிக்கு."