வெறும் பிரஷர்தான்

என் கணவருக்குக் காசநோய் என்று கிளினிக்கில் சொன்ன அன்றே, வீடு வந்து சேருமுன் நாங்கள் ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டோம். யார் கேட்டாலும் பிரஷர். ரந்தாவ் பக்கத்து எங்கள் எஸ்டேட்டில் பிரஷர் இல்லாத வீடு கிடையாது. காசம் என்றால் கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும்.

தாதியின் முன்னால் மாத்திரை விழுங்க அவர் தினமும் காலையில் கிளினிக்குக்குப் போனார். நான் சுங்கை காடுட் தொழிற்சாலைக்குப் போனேன். திரும்பி வந்தால் சமையல், துணி, அவருடைய முணுமுணுப்பு. புருஷன் இறந்தபின் கெமாஸிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, பிரஷருக்கு நல்லதென்று உப்பில்லாத வல்லாரைக் கூட்டு அனுப்புவார். பொய் சொன்ன பாவத்துக்கு அதையும் இவர் தின்றார்.

சில மாதங்களில் ரத்த அழுத்தம் உண்மையாகவே ஏறிவிட்டது. காசநோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். காசநோய் மருந்து சில பிரஷர் மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்குமாம். அதனால் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும், விட்டால் பக்கவாதம் வரலாம் என்றார்.

இந்த மனிதர் காதில் ஒன்றும் ஏறவில்லை. வாய் முகூர்த்தம் பலித்துவிட்டதாம். பொய்யால் வந்தது உண்மையைச் சொன்னால் போய்விடும், இதற்கு மாத்திரை எதற்கு என்றார். நோயைப் பார்க்கலாம், பிடிவாதத்தையும் சேர்த்து யார் பார்ப்பது? சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கிண்ணத்தோடு வந்ததும் இவர் வாசலிலேயே எல்லா உண்மையையும் கொட்டிவிட்டார். காசம்தான், இப்போது பிரஷரும் சேர்ந்துகொண்டது, அதற்கு மாத்திரை போடப்போவதில்லை. அக்கா பின்வாங்குவார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் உள்ளே வந்து, நாற்காலியை இழுத்து என் கணவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தார்.

“காசம்னு எப்பவோ தெரியும் தம்பி. பிரஷருக்கு யாரு தினம் கிளினிக் போறா? நீங்களே சொல்லலையேன்னு கேக்காம இருந்தேன்.”

இவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரரு வெறும் பிரஷர்தானேன்னு மாத்திரைய விட்டாரு. ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. அப்படியே போய்ட்டாரு.” என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, மாத்திரைய எடுத்துட்டு வா லா.”

தண்ணீர் பிடிக்கிற சாக்கில் குழாயடியில் நின்று அழுதேன். திரும்பி வந்தபோது இவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.